பொலோஞ்ஞாவில் ஒரு நாள்: மணி பார்த்துச் சுற்ற வேண்டிய ஊர்

இத்தாலிக்குப் போகிறவர்கள் ரோம், ஃபுளோரன்ஸ், வெனிஸ் என்று மூன்று ஊர்களை முடிவு செய்துவிட்டு, நடுவழியில் இருக்கும் பொலோஞ்ஞாவை ரயில் ஜன்னலோடு அனுப்பிவைத்துவிடுகிறார்கள். ஃபுளோரன்ஸிலிருந்து அதிவேக ரயிலில் 40 நிமிடம். மிலானிலிருந்து ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். வெனிஸிலிருந்து ஒன்றரை மணி நேரம். காலையில் வந்து இரவில் திரும்பிவிடலாம். தின்பதற்கும் வாங்குவதற்கும் நடப்பதற்கும் ஒரே நாளை ஒதுக்க முடியும் என்றால் இத்தாலியில் இதைவிடத் தோதான ஊர் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

முதலில் பெயர். ஆங்கிலத்தில் எழுதியிருப்பதை வைத்து 'பொலோக்னா' என்று தமிழில் எழுதுகிறார்கள். இத்தாலியர் சொல்வது பொலோஞ்ஞா. அந்த ஒலிக்கு நம்மிடம் ஞகரம் தயாராக இருக்கிறது, பயன்படுத்திக்கொள்ளலாம். லசாஞ்ஞே என்ற உணவுப் பெயருக்கும் இதே கணக்குதான்.

இந்த ஊரில் ஏமாற்றம் வந்தால் அது நேரத்தால்தான் வரும். சாப்பாட்டுக் கடைகளின் அடுப்பு பிற்பகல் இரண்டரைக்கு அணைந்தால் மறுபடி ஏழு, ஏழரைக்குத்தான் எரியும். கோயில்கள் பல நண்பகலில் பூட்டிக்கொள்ளும். ஊரின் மிக அழகான காட்சி ஒன்று நாளுக்குச் சில நிமிடம்தான் நடக்கும். ஆகவே இடங்களின் பட்டியலை மூடிவைத்துவிட்டு, மணியை முன்னால் வைத்துத் திட்டமிடுங்கள்.

காலை ஒன்பதுக்குள் வந்து இறங்குவது நல்லது. பெரிய பெட்டி இருந்தால் ஸ்டேஷனிலேயே 'டெப்போசித்தோ பகாலி' என்ற இடத்தில் காசு கட்டி வைத்துவிடலாம். நடுச்சதுக்கத்துப் பெரிய தேவாலயமான பசிலிக்காவுக்குள் பெரிய முதுகுப்பைக்கு அனுமதி கிடைக்காது என்பதால் இது முக்கியம். வெளியே வந்து திரும்பிப் பார்த்தால் ஸ்டேஷன் சுவரில் ஒரு கடிகாரம் 10.25இல் நின்றிருக்கும். அது பழுதான கடிகாரம் இல்லை. 1980 ஆகஸ்ட் 2 அன்று காத்திருப்பு அறையில் குண்டு வெடித்து 85 பேர் இறந்த நேரம் அது. அவர்கள் நினைவாக அப்படியே நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

விமானத்தில் வருகிறவர்களுக்கு மார்க்கோனி எக்ஸ்பிரஸ் என்ற ஒற்றைத் தண்டவாள வண்டி உண்டு. ஏழெட்டு நிமிடத்தில் ஸ்டேஷனில் விட்டுவிடும். காரில் வருகிறவர்கள் கவனிக்க: பழைய ஊரின் உட்பகுதி முழுக்க அனுமதி பெற்ற வண்டிகளுக்கு மட்டும். எல்லையில் கேமரா இருக்கிறது. தெரியாமல் நுழைந்தாலும் வாடகைக் கார் நிறுவனம் வழியாக அபராதம் பல மாதம் கழித்து வீடு தேடி வரும். வண்டியை வெளியே நிறுத்திவிட்டு பஸ்ஸில் வாருங்கள்.

ஸ்டேஷனிலிருந்து நடுச்சதுக்கத்துக்கு பஸ் தேவையில்லை. வியா இந்திபெந்தென்ஸா என்ற ஒரே நேர்த்தெரு, இருபது நிமிட நடை, மழையோ வெயிலோ மேலே கூரை. இந்தக் கூரை போட்ட நடைபாதைகள்தான் பொலோஞ்ஞாவின் போர்ட்டிகோக்கள். நகரம் முழுவதும் சேர்த்தால் ஏறத்தாழ 62 கிலோமீட்டர். 2021இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. இவை வந்த கதையும் நடைமுறைக் கதைதான். 1088ஐப் பிறப்பாண்டாகச் சொல்லும் பல்கலைக்கழகத்துக்கு ஊர் ஊராக மாணவர்கள் வந்து குவிந்தபோது குடியிருக்க இடம் போதவில்லை. வீட்டுக்காரர்கள் மாடியைத் தெருப் பக்கம் நீட்டி, கீழே மரத்தூண் முட்டுக்கொடுத்தார்கள். மற்ற ஊர்கள் இதைத் தடுத்தன. பொலோஞ்ஞா 1288இல் இதையே கட்டாயமாக்கியது. குதிரைமேல் வருகிறவர் குனியாமல் போகும் உயரம் வேண்டும் என்றும் விதித்தது. மரத்தூண் எப்படி இருந்தது என்று பார்க்க, ஸ்த்ராதா மஜோரே தெருவில் இருக்கும் காசா இசோலானி என்ற வீட்டின் முன் நில்லுங்கள். ஒன்பது மீட்டர் உயர மரக்கம்பங்கள் பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து அந்த மாடியைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன.

பியாஸா மஜோரே சதுக்கத்துக்கு வந்ததும் நெப்டியூன் நீரூற்றைப் பாருங்கள். ஜம்போலோஞ்ஞா என்ற சிற்பி 1560களில் வார்த்த வெண்கலம். கையிலிருக்கும் முத்தலை வேல்தான் பின்னாளில் இதே ஊரில் தொடங்கிய மஸெராட்டி காரின் சின்னமானது. பக்கத்திலேயே பொதெஸ்தா மாளிகையின் அடியில் நான்கு மூலை கொண்ட ஒரு வளைவுக் கூடம் உண்டு. இரண்டு பேர் எதிரெதிர் மூலைகளில் சுவரைப் பார்த்து நின்று ரகசியம் பேசினால், நடுவில் போகிறவர்களுக்குக் கேட்காது, எதிர்மூலைக்காரருக்குத் தெளிவாகக் கேட்கும். குழந்தைகளோடு போனால் அங்கிருந்து கிளம்புவது சிரமம்.

இனி காலைப் பொழுதைச் சந்தைக்குக் கொடுங்கள். சதுக்கத்தின் கிழக்கே குவாட்ரிலாத்தெரோ என்ற குறுந்தெருக்களின் பின்னல்: பெஸ்கெரியே வெக்கியே, ட்ராப்பெரியே, கிளவத்தூரே. மீன், காய், பாலாடைக்கட்டி, கூரையிலிருந்து தொங்கும் பன்றித்தொடை, கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சள் மஞ்சளாகப் பாஸ்தா. காலையில் பாருங்கள், விலை கேளுங்கள், ருசி பாருங்கள், வாங்காதீர்கள். பத்து மணிக்கு வாங்கிய ஒரு கிலோ பாலாடைக்கட்டியை மாலைவரை தோளில் சுமந்து, வெயிலில் வியர்க்கவைத்து என்ன பயன்? மாலை ஐந்து மணிக்குத் திரும்பி வரலாம். ஞாயிறன்று போகிறவர்களுக்கு மட்டும் இந்த யோசனை பொருந்தாது. சிறு கடைகள் பல அன்று திறப்பதில்லை, திறந்தாலும் மதியத்தோடு முடித்துக்கொள்ளலாம். வெள்ளி அல்லது சனி கிடைத்தால் சிறப்பு. ஸ்டேஷன் பக்கம் எட்டாம் ஆகஸ்ட் சதுக்கத்தில் லா பியாஸோலா என்ற துணிச்சந்தை அந்த இரண்டு நாளும்தான் நடக்கும்.

காப்பிக்கு ஒரு சொல். 'பார்' என்றால் இங்கே காப்பிக்கடை. நின்றபடி குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் இன்னொரு விலை. சதுக்கத்தைப் பார்த்த மேசையில் அது இரண்டு மடங்குக்கு மேலும் போகும். சில கடைகளில் முதலில் கல்லாவில் காசு கட்டி, ரசீதைக் காட்டினால்தான் காப்பி வரும். பொதுக் கழிப்பறை ஊரில் அரிது. காப்பி குடிக்கும் இடத்திலேயே அதையும் முடித்துக்கொள்வது ஊர் வழக்கம்.

இப்போது அந்தச் சில நிமிடக் காட்சி. சதுக்கத்தின் தென்புறம் சான் பெத்ரோனியோ பசிலிக்கா. 1390இல் தொடங்கினார்கள், முகப்பின் கீழ்ப்பாதி பளிங்கு, மேல்பாதி வெறும் செங்கல், இன்றுவரை முடிக்கவில்லை. உள்ளே நுழைந்து இடப்பக்கம் தரையைப் பாருங்கள். பித்தளைக் கோடு ஒன்று தூண்களுக்கு இடையே சாய்வாக ஓடும். 1655இல் வானியலாளர் காசினி அமைத்த நண்பகல் கோடு, நீளம் 66.8 மீட்டர். பூமியின் சுற்றளவில் ஆறு லட்சத்தில் ஒரு பங்கு. கட்டடத்துக்குள் இருக்கும் இவ்வகைக் கோடுகளில் உலகிலேயே நீளமானது. கூரையில் 27 மீட்டர் உயரத்தில் ஒரு சிறு துளை. அது வழியே சூரியனின் உருவம் தரையில் விழுந்து, உச்சிவேளையில் சரியாக அந்தக் கோட்டைக் கடக்கும்.

ஜூனில் போனால் ஒளிவட்டம் துளைக்கு அருகிலேயே, சாப்பாட்டுத் தட்டு அளவில், ஏறக்குறைய வட்டமாக விழும். நொடிக்கு இரண்டு மில்லிமீட்டர் வேகத்தில் நகரும். குனிந்து பார்த்தால் நகர்வது கண்ணுக்கே தெரியும். டிசம்பரில் சூரியன் தாழ்வாக இருப்பதால் வட்டம் கோட்டின் மறுமுனைக்குப் போய், ஆள் படுத்த நீளத்துக்கு முட்டையாக நீண்டு, இரண்டு மடங்குக்கும் அதிக வேகத்தில் ஓடும். கோட்டின் ஓரம் ராசிச் சின்னங்கள் பொறித்திருக்கும். சூரியன் எந்த ராசியில் என்பதை அங்கேயே வாசிக்கலாம். (அவர்களுடையது சம இரவுப் புள்ளியிலிருந்து எண்ணும் சாயன ராசி, நம் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 24 பாகை தள்ளி நிற்கும்.) ஆண்டின் வெவ்வேறு நாள்களில் இந்த வட்டத்தின் அகலத்தை அளந்துதான், சூரியத் தொலைவும் வேகமும் மாறுவதுபற்றி கெப்ளர் சொன்ன கணக்கைக் காசினி இங்கே சரிபார்த்தார்.

எத்தனை மணிக்குப் போவது? பொலோஞ்ஞாவின் உச்சிவேளை கடிகாரத்தின் பன்னிரண்டு இல்லை. குளிர்கால நேரம் நடப்பிலிருக்கும்போது 11.58க்கும் 12.29க்கும் இடையில். கோடை நேரம் நடக்கும் மார்ச் கடைசி முதல் அக்டோபர் கடைசி வரை 12.58இலிருந்து 1.21க்குள். மேகம் இருந்தால் ஒன்றும் தெரியாது. நண்பகல் இடைவேளைக்குக் கதவைச் சாத்தும் நாளும் உண்டு என்பதால் காலையிலேயே வாசல் பலகையைப் படித்துவிடுங்கள். தோளும் முழங்காலும் மறைத்த உடை வேண்டும்.

இந்தக் காட்சி கோடையில் மதியச் சாப்பாட்டோடு மோதும். தீர்வு எளிது: ஒன்றே முக்காலுக்கு மேசை சொல்லிவையுங்கள். இரண்டரைக்கு மேல் போய் நின்றால் 'குச்சீனா கியூசா' என்று கைவிரித்துவிடுவார்கள்; அடுப்படி மூடியாயிற்று என்று பொருள். சனி ஞாயிறுகளில் முன்பதிவில்லாமல் நல்ல கடையில் இடம் கிடைப்பது கடினம்.

சாப்பாடு. ஸ்பகெட்டி போலோனீஸ் என்று உலகம் சொல்வதை இந்த ஊர் தன் உணவாக ஏற்பதில்லை. இங்கே ராகூ என்ற இறைச்சிக் குழம்பு தாலியத்தெல்லே என்ற நாடாப் பாஸ்தாவோடுதான் சேரும். காரணம் பாஸ்தாவில் இருக்கிறது. 100 கிராம் கோதுமை மாவுக்கு ஒரு முட்டை என்ற கணக்கில் பிசைந்து, நீண்ட மர உருளையால் மரப்பலகைமேல் தேய்க்கிறார்கள். மரத்தின் சொரசொரப்பு மாவுத் தாளின்மேல் பதிகிறது. அந்தச் சொரசொரப்பில் கொத்துக்கறியும் கொழுப்பும் ஒட்டிக்கொள்கின்றன. ஸ்பகெட்டி வழவழப்பானது, குழம்பு வழுக்கித் தட்டின் அடியில் தங்கிவிடும். வெந்த தாலியத்தெல்லேயின் அகலம் 8 மில்லிமீட்டர் என்று 1972இல் வணிகச் சபையில் பதிந்தே வைத்திருக்கிறார்கள், தங்கத்தில் ஒரு மாதிரியோடு. ஊரின் பழைய அசினெல்லி கோபுரத்தின் உயரத்தில் 12,270இல் ஒரு பங்கு என்பது அந்த அளவு. ராகூவின் செய்முறையும் 1982இல் பதிவானது: மாட்டிறைச்சி, பான்செத்தா என்ற உப்பிட்ட பன்றி வயிற்றுக்கறி, வெங்காயம், கேரட், செலரி, ஒயின், கொஞ்சம் தக்காளி. தக்காளி குறைவு என்பதால் நிறம் சிவப்பாக இருக்காது, பழுப்பாக இருக்கும். செக்கச்செவேல் என்று வந்தால் கடையை மாற்றியிருக்க வேண்டும்.

தொர்த்தெல்லினி இன்னும் நுட்பமான பண்டம். விரல் நுனி அளவு பாஸ்தா மடிப்புக்குள் பன்றிக்கறி, ப்ரோஷுத்தோ (உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடை), மோர்தடெல்லா (பன்றிக்கறித் தொத்திறைச்சி), பார்மிஜானோ (முதிர்ந்த பாலாடைக்கட்டி), முட்டை, ஜாதிக்காய். தெளிந்த கோழிச் சாற்றில் மிதக்கவிட்டுத் தருவார்கள். கிரீமில் புரட்டியும் விற்கிறார்கள். சாற்றில் வாங்குங்கள், மடிப்புக்குள் இருக்கும் ஜாதிக்காய் மணம் அதில்தான் வெளியே வரும்.

மாடு, பன்றி தவிர்ப்பவர்களுக்கும் சைவர்களுக்கும் இந்த ஊர் கடினம், கவனமாகப் படியுங்கள். பச்சை நிற லசாஞ்ஞே கீரையால் பச்சை, உள்ளே முழுக்க இறைச்சி. பலன்சோனி என்ற பச்சை மடிப்பில் ரிக்கோத்தா என்ற மென்பாலாடைக்கட்டியோடு மோர்தடெல்லா கலந்திருக்கும். கிரெஷெந்தினே என்ற பொரித்த ரொட்டி பெரும்பாலும் பன்றிக்கொழுப்பில் பொரிபடும், பியாதீனா ரொட்டியின் மாவிலேயே அந்தக் கொழுப்பு சேரும். வெங்காயமும் தக்காளியும் மட்டும் தெரியும் ஃப்ரிஜோனேயிலும் அது இருக்கக்கூடும். பார்மிஜானோவில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள்தான் எப்போதும். தாவர உறைபொருள் போட்டால் அந்தப் பெயரையே வைக்க முடியாது. தேடவேண்டிய சொல் தொர்த்தெல்லோனி. 'லினி' அல்ல, 'லோனி', பெரியது. ரிக்கோத்தா பூரணம், வெண்ணெயும் சேஜ் இலையும் போட்டு வரும். அதன் பூரணத்திலும் பார்மிஜானோ உண்டு. அதையும் தொடாதவர்கள் பாலாடைக்கட்டியே போடாத மரினாரா பீட்சா, சுட்ட காய்கறி, பழ ஜெலாட்டோ என்று போகலாம். சொல்லவேண்டிய வாக்கியம்: 'சென்ஸா கார்னே, சென்ஸா ப்ரோதோ தி கார்னே, சென்ஸா ஸ்த்ரூத்தோ.' கறி வேண்டாம், கறிச்சாறு வேண்டாம், பன்றிக்கொழுப்பு வேண்டாம்.

பில்லில் 'கோப்பெர்த்தோ' என்று தலைக்கு இரண்டு மூன்று யூரோ இருக்கும். ரொட்டிக்கும் மேசைக்குமான கட்டணம், ஏமாற்று இல்லை. மேற்கொண்டு டிப்ஸ் கட்டாயமில்லை.

பிற்பகலில் நடக்கலாம். அசினெல்லி (97 மீட்டர்), காரிசெந்தா (48 மீட்டர்) என்ற இரட்டைக் கோபுரங்களைத் தள்ளி நின்றுதான் பார்க்க முடியும். சாய்ந்த காரிசெந்தாவின் அசைவு கவலை தந்ததால் 2023 அக்டோபரில் சுற்றிலும் அடைத்தார்கள். பக்கத்துக் கோபுரத்தின் 498 படிகளும் அதோடு மூடின. பலப்படுத்தும் வேலை ஆண்டுக்கணக்கில் நடக்கும். பழைய பயணக் குறிப்பை நம்பி ஏறும் ஆசையோடு போகாதீர்கள். மேலிருந்து ஊரைப் பார்க்க வேண்டுமானால் சதுக்கத்து மணிக்கூண்டுக்கு நேரம் குறித்த சீட்டை முன்பே வாங்குங்கள்.

தவறவிடக்கூடாதது ஆர்க்கிஜின்னாசியோ, பழைய பல்கலைக்கழகக் கட்டடம். மாடியில் 1637இல் மரத்தால் அமைத்த உடற்கூற்று அரங்கு, நடுவில் வெள்ளைப் பளிங்கு மேசை, சுற்றிலும் மாணவர் இருக்கைகள். ஆசிரியர் பீடத்தின் கூரையைத் தாங்கி நிற்கும் இரண்டு மரச்சிலைகளுக்குத் தோலே இல்லை, தசைநார் ஒவ்வொன்றும் தெரியும்படி செதுக்கியிருக்கிறார்கள். 1944 ஜனவரி 29 குண்டுவீச்சில் அரங்கு நொறுங்கியது. இடிபாட்டிலிருந்து துண்டுகளைப் பொறுக்கி மறுபடி கட்டினார்கள். சான் தொமெனிக்கோ கோயிலில் புனிதரின் கல்லறைமீது மெழுகுவர்த்தித் தண்டு ஏந்திய இரண்டு தேவதைகள் உண்டு. வலப்பக்கத்தது இருபது வயதை ஒட்டிய மைக்கலேஞ்சலோ செதுக்கியது. கூட்டமே இருக்காது.

சான் லூக்கா மலைக்கோயிலுக்கு 666 வளைவுகள் கொண்ட போர்ட்டிகோ, 3.8 கிலோமீட்டர், ஏற்றம். ஒரே நாளில் இதையும் நுழைத்தால் சாப்பாடோ சந்தையோ போய்விடும். கட்டாயம் வேண்டுமென்றால் சதுக்கத்திலிருந்து சுற்றுலா வண்டியில் ஏறி, இறங்கும்போது நடங்கள்.

ஐந்து மணி. சந்தைக்குத் திரும்புங்கள். இத்தாலியில் கேட்கும் அளவு எத்தோ, அதாவது 100 கிராம். விலைப்பலகையில் சின்ன எழுத்தில் 'எத்தோ' என்றிருந்தால் அந்த விலை நூறு கிராமுக்கு; கிலோ என்று நினைத்தால் கணக்கு பத்து மடங்கு தப்பும். எண் சீட்டு கிழிக்கும் கருவி இருந்தால் கிழித்துக்கொண்டு நில்லுங்கள். காயையும் பழத்தையும் கையால் தொட்டுப் பொறுக்குவது இங்கே மரியாதைக் குறைவு, விற்பவரைக் கேளுங்கள்.

பார்மிஜானோ வாங்கும்போது தோலைப் பாருங்கள். புள்ளிகளால் அதன் பெயர் சுற்றிலும் குத்தியிருக்கும். சுமார் 40 கிலோ உருளை ஒன்றுக்கு 500 லிட்டருக்கும் மேல் பால் போகிறது. விற்பவர் அதைக் கத்தியால் நறுக்குவதில்லை. பாதாம் வடிவக் குட்டைக் கத்தியை இறக்கி நெம்புவார், கட்டி தன் இயல்பான வரியில் பிளக்கும். பிளந்த முகத்தில் வெள்ளைப் புள்ளிகள் மினுங்கினால் நன்கு முதிர்ந்தது. பல்லில் நறநறக்கும் அமினோ அமிலப் படிகங்கள் அவை, கெட்டுப்போன அடையாளம் இல்லை. 24 மாதம் அப்படியே சாப்பிட. 36 மாதம் உலர்ந்தது, காரமானது. 'சோத்தோவுவோத்தோ' என்றால் காற்று நீக்கி உறை போட்டுத் தருவார்கள். அப்படிப் போட்டால் முதிர்ந்த கட்டி ஒன்றிரண்டு நாள் பயணம் தாங்கும். வேகாத தொர்த்தெல்லினி தாங்காது, தங்குமிடத்தில் அடுப்பு இருந்தால் மட்டும் வாங்குங்கள். எந்த நாட்டுக்குப் போகிறீர்களோ அங்கே இறைச்சி, பால் பொருள் கொண்டுவர அனுமதி உண்டா என்று முன்பே பாருங்கள். பிரிட்டனில் வாழ்கிறவர்களுக்கு 2025 ஏப்ரலிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து தனிநபர் இவற்றைக் கொண்டுவரத் தடை வந்தது.

அந்தச் சிக்கல் இல்லாத பொருள் பால்சாமிக் வினிகர். பக்கத்து ஊரான மோதெனாவின் 'திராதித்ஸியோனாலே' முத்திரை இருந்தால் வேகவைத்த திராட்சைச்சாறு மட்டும்தான், குறைந்தது 12 ஆண்டு மரப்பீப்பாயில். 'எக்ஸ்த்ராவெக்கியோ' என்றால் 25 ஆண்டு. 100 மில்லி உருண்டைக் குப்பியில் மட்டுமே அடைப்பார்கள், பல விமான நிலையங்களில் கைப்பையில் கொண்டுபோகும் திரவ வரம்பும் அதுவே. விலை பல பத்து யூரோ. ஐ.ஜி.பி. (புவிசார் குறியீட்டு முத்திரை) என்று எழுதியது ஒயின் வினிகர் கலந்த அன்றாடச் சரக்கு. சாலடுக்கு அது போதும், ஆனால் பழங்காலத்துப் பெயர்ப்பலகையைக் காட்டி அதையே பெரிய விலைக்குத் தந்தால் வாங்காதீர்கள். இனிப்புக்கு மாயானி கடை, 1796 முதல் இருக்கிறது. 1911இல் ஃபியட் காருக்காகச் செய்த நான்கடுக்கு கிரெமீனோ சாக்லேட் அங்கேதான். ஜூலை, ஆகஸ்டில் உருகும்.

தோல் பை, காலணி வாங்குகிறவர்கள் ஃபர்லா நிறுவனம் 1927இல் பிறந்ததே இந்த ஊரில்தான் என்பதை நினைவில் கொள்ளலாம். ஆர்க்கிஜின்னாசியோ ஓரத்துப் போர்ட்டிகோவும் கலேரியா காவூரும் விலை உயர்ந்த கடைகள், வியா இந்திபெந்தென்ஸா நடுத்தரம். தள்ளுபடிக் காலம் ஜனவரி முதல் வாரத்திலும் ஜூலைத் தொடக்கத்திலும் ஆரம்பிக்கும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்கள் ஒரே கடையில் ஒரே பில்லில் 70 யூரோவுக்கு மேல் வாங்கினால் வரியில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும், பில் போடும்முன் கேட்க வேண்டும். ஒன்றியத்தை விட்டுக் கிளம்பும் கடைசி விமான நிலையத்தில், பெட்டியை அனுப்புவதற்கு முன்பே சுங்கத்தில் பதிந்துவிடுங்கள். பெட்டியை அனுப்பிய பிறகு பொருளைக் காட்டச் சொன்னால் காட்ட ஒன்றும் இருக்காது.

வாங்கியதைக் கொஞ்சம் அங்கேயே சாப்பிட ஒஸ்தெரியா தெல் சோலே இருக்கிறது. 1465 முதல் நடக்கும் ஒயின் கடை, அடுப்படி இல்லை. சந்தையில் வாங்கிய ரொட்டியையும் கட்டியையும் பிரித்துவைத்துக்கொள்ளலாம், குடிப்பதை மட்டும் அவர்களிடம் வாங்க வேண்டும்.

திரும்பும் ரயிலுக்கு அரைமணி முன்பே சதுக்கத்தை விட்டுக் கிளம்பினால் போதாது, முக்கால் மணி வேண்டும். அதிவேக ரயில்கள் 16 முதல் 19 வரையான நிலத்தடி நடைமேடைகளில், பல அடுக்கு நகரும் படிக்கட்டுகளுக்குக் கீழே வருகின்றன. உள்ளூர் ரயிலென்றால் நடைமேடை எண்ணுக்குப் பக்கத்தில் 'எஸ்ட்' (கிழக்கு) அல்லது 'ஓவெஸ்ட்' (மேற்கு) என்றிருக்கிறதா என்று பாருங்கள். 1ஆம் நடைமேடையும் 1 ஓவெஸ்டும் வேறு வேறு இடங்கள். உள்ளூர் ரயிலுக்குக் காகிதச் சீட்டு வைத்திருந்தால் ஏறும்முன் முத்திரை இயந்திரத்தில் குத்திவிடுங்கள். குத்தாத சீட்டுக்கு ரயிலிலேயே அபராதம் போடுவார்கள்.